பெல்டன் துரை எழுதாத பாட்டு

உள்ளே வாருங்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிடுங்கள். கண்ணை மட்டும் கழற்றி வைத்துவிடாதீர்கள், இன்று அது தேவைப்படும். உங்களுக்கு ஒரு திருட்டைக் காட்டப் போகிறேன். பூட்டை உடைத்து நடந்த திருட்டன்று. பூட்டைப் போட்டு நடந்த திருட்டு. கள்ளத்தனமாக நடந்ததுமன்று. மெழுகுவர்த்தி ஏற்றி, வரவேற்புரை வாசித்து, பொன்னாடை போர்த்தி, பிரியாணி விருந்தோடு நிறைவுற்ற திருட்டு. சாட்சிக்கு ஆளில்லை என்று எவரும் நாளை சொல்லிவிடக் கூடாது. அதற்காகவே உங்களை அழைக்கிறேன்.

இடம், சின்னமனூரிலிருந்து ஓடைப்பட்டி போகும் வழியில் உள்ள ஒரு திருச்சபை. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒரு சபைக்கு மட்டுமே வெட்கம். சொல்லாமல் விட்டால் பல சபைகள் தங்களைத்தான் சொல்கிறேனோ என்று கலங்கும். கலங்கட்டும்.

தலையை நிமிர்த்திப் பாருங்கள். மின்விசிறியின் ஒவ்வோர் இறக்கையிலும் ஒரு குடும்பத்தின் பெயர். குழல்விளக்கில், கொடுத்தவரின் பெயரும் அவர் தந்தையின் பெயரும் தந்தை வகித்த பதவியும் எழுதியதுபோக மிச்சமுள்ள இடைவெளியில் கொஞ்சம் வெளிச்சமும் வருகிறது. பெஞ்சுக்குப் பெயருண்டு. ஒலிபெருக்கிக்குப் பெயருண்டு. குடிநீர்த் தொட்டிக்கும், அதில் சங்கிலியால் கட்டப்பட்ட தம்ளருக்கும் தனித்தனியே பெயருண்டு. அண்ணன் தம்பிக்குள் ஒத்துப்போகாததால் தொட்டியை ஒருவரும் தம்ளரை ஒருவரும் கொடுத்தார்கள். இத்தனை பெயர்களுக்கிடையே இந்த ஆலயத்தில் பெயரில்லாமல் இருந்தவை இரண்டே. ஒன்று, சுவரில் ஓடும் பல்லி. மற்றொன்று, ஞானதீபம் எழுதிய பாட்டு.

ஞானதீபம் இந்தச் சபையின் ஆர்கன் வாசிப்பவர். அங்கன்வாடி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுமியாக மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தபோது, ஐந்து கோடு போட்டு எழுதும் மேல்நாட்டு இசைக்குறிப்பைக் கற்றார்; ஆர்கனையும் அங்கேதான் கற்றார். வீடு கீழத்தெருவில். கீழத்தெரு என்றால் என்னவென்று இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கிறிஸ்துவுக்குள் சாதியில்லை அல்லவா? ஆகவே சபையார் சாதியை மரியாதையாக வாசலில் விட்டுவிட்டு, தெருவின் பெயரை மட்டும் உள்ளே எடுத்து வருகிறார்கள்.

ஆர்கன், சபையைத் தொடங்கிய பெல்டன் துரை கொண்டுவந்தது. காலால் மிதித்துத் துருத்தியில் காற்றேற்றி வாசிப்பது. எலி கடித்த துருத்திக்கு ஞானதீபமே ஒட்டுப் போட்டிருக்கிறார். கம்பத்திலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப் ஒன்றின் பழைய டயர் டியூபை வெட்டி ஒட்டிய ஒட்டு. அந்த ஆர்கனில் அவர், ஆராதனைக்கு முன்னும் பின்னும் வாசிப்பதற்கென்று தாமே இசை அமைத்தார். பாடகர் குழுவுக்கு நான்கு குரலில் பாடும் பாட்டுகளும் எழுதினார். எழுதிய தாள், ஓடைப்பட்டி சீனிச்சாமியின் திராட்சை மண்டியில் ஆண்டுதோறும் இலவசமாகக் கொடுக்கும் மாதக் காலண்டர். முன்பக்கம் முருகன், பின்பக்கம் வெள்ளை. மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொள்வார். இப்படியாக ஆறுமுகனின் முதுகில் அமர்ந்து பல ஆண்டுகள் இயேசு புகழப்பட்டார். இருவரில் எவரும் ஆட்சேபம் தெரிவித்ததாகத் தகவல் இல்லை.

சபையார் அந்தப் பாட்டுகளைக் கேட்டார்கள். சிலர் விழித்திருந்தும் கேட்டார்கள். எழுதியவர் யார் என்று ஒருவரும் கேட்டதில்லை. பால் பாக்கெட்டிலிருந்து வருவது போலப் பாட்டு பாட்டுப்புத்தகத்திலிருந்து வருகிறது என்பது அவர்கள் விசுவாசம். ஞானதீபமும் தாளில் தம் பெயரை எழுதவில்லை. முதல் பாட்டை எழுதிக் கொண்டுபோய்க் காட்டியபோது, அன்றைய போதகர் கனிவோடு கண்டித்திருந்தார்.

“பாட்டுல மனுசப் பேரு போட்டா அது பெருமையாயிரும் ஆத்தா. மகிமை தேவனுக்கு மட்டுந்தான்.”

அவர் இதைச் சொன்னது, தம் மாமனாரின் பெயர் எழுதிய மின்விசிறியின் கீழ் நின்று. காற்று நன்றாக வந்தது. அன்றிலிருந்து ஞானதீபம் ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் ‘தேவ மகிமைக்கே’ என்று மட்டும் எழுதி, தாள்களை ஆர்கன் பெட்டி இருக்கைக்குள் வைத்தார். கீழத்தெரு வீட்டின் கூரை ஒழுகும். ஆலயத்தின் கூரை ஒழுகாது. பெட்டியின் மூடியில் ஒரு பித்தளைத் தகடு: ‘பெல்டன்’.

குற்றம் தொடங்கியது அந்தத் தகட்டில்தான்.

நூற்றாண்டு விழா வந்தது. ஆலயத்துக்கு வெள்ளையடித்தார்கள். சபைச் செயலர் தவமணிராஜ், ஆர்கனை நகர்த்தும்போது பெட்டியைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாக இசைத்தாள்கள். பெயரைத் தேடினார்; இல்லை. மூடியைப் பார்த்தார்; இருந்தது. எதன்மேல் எவர் பெயர் இருக்கிறதோ அதற்குள் இருப்பதெல்லாம் அவருக்கே சொந்தம் என்பது இந்தச் சபையின் பதினோராம் கட்டளை. தம்ளருக்குப் பொருந்திய சட்டம் இசைக்குப் பொருந்தாதா? அடுத்த ஞாயிறே அறிவித்துவிட்டார்: பெல்டன் துரையின் மறைந்து கிடந்த இசைப் படைப்புகள் தேவ கிருபையால் கிடைத்திருக்கின்றன, விழாவில் புத்தகமாக வெளிவரும், மூலத்தாள்கள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும்.

பாவம் பெல்டன் துரை. அவர்மேல் என்ன பிழை? மாட்டுக்கு வைத்தியம் பார்த்தார், பள்ளிக்கூடம் கட்டினார், காய்ச்சலில் செத்தார். அவர் கல்லறையில் இவையெல்லாம் வெட்டப்பட்டிருக்கின்றன. செத்த பிறகு சங்கீத மேதையாகி உழைக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

ஞானதீபம் ஆராதனை முடிந்ததும் நேரே கமிட்டி அறைக்குப் போனார். துணைக்கு மகிமா போனாள். பாடகர் குழுவில் ஆல்டோ என்னும் தாழ்ந்த பெண்குரல் பாடுபவள், வார நாளில் திராட்சை ஷெட்டில் குலை நறுக்குபவள். அறையில் போதகரும் தவமணிராஜும் இருந்தார்கள். தவமணிராஜ் ஞானதீபத்தைவிட இளையவர். ஆனாலும் அவர் ‘தீபம்’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இவர் ‘ஐயா’ என்பார். வாசலில் விட்டுவந்த சாதி, இந்த அறையில் மட்டும் எப்படியோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும்.

“வா தீபம். சந்தோசமான சேதி கேட்டேல்ல? நீ உக்காந்து வாசிச்ச பெட்டிக்குள்ளயே இம்புட்டுப் பொக்கிசம் கெடந்திருக்கு பாரு!”

“ஐயா, அது நான் எழுதுனது.”

தவமணிராஜ் சிரித்தார். “நீ வாசிச்சதும்மா. எழுதுனது துரை.”

“தாளத் திருப்பிப் பாருங்கய்யா.”

போதகர் ஒரு தாளைத் திருப்பினார். வேலும் மயிலுமாக முருகன் புன்னகைத்தார். அவர் காலடியில், ‘சீனிச்சாமி திராட்சை மண்டி, ஓடைப்பட்டி’. அதற்கும் கீழே கைப்பேசி எண்.

“தொரை செத்தப்ப செல்போன் இருந்துச்சாய்யா?” என்றாள் மகிமா. “சும்மா கேக்குறேன். அந்தக் காலத்துல டவர் கெடச்சுச்சா?”

போதகர் தாளை அவசரமாகத் திருப்பி வைத்தார், முருகனைப் பார்த்தது பாவமோ என்பது போல. தவமணிராஜ் மட்டும் கலங்கவில்லை. சான்று எதிரே வந்து நின்றால் கலங்குபவன் சாதாரண மனிதன். செயலர் என்பவன் அந்தச் சான்றுக்கே ஒரு வேலை கொடுப்பவன்.

“இப்பத்தான் வெளங்குது. துரை எழுதுன தாளு செல்லரிச்சிருக்கும். நீ அதப் பாத்து இதுல காப்பி எடுத்துருக்க. நல்ல காரியந்தான் பண்ணிருக்க.”

“துரை எழுதுன தாளு எங்கன இருக்கு?”

“அதான் செல்லரிச்சிருச்சுன்னு சொன்னேன்ல.”

உலகத்தின் எந்த நீதிமன்றத்தில் இப்படி ஒரு வாதம் எடுபடும் என்று கேட்காதீர்கள். இல்லாத தாளே இருந்ததற்கு அத்தாட்சி. இருக்கிற தாள் வெறும் நகல். கீழத்தெருப் பெண் ஒருத்தி நான்கு குரலில் பாட்டு எழுதினாள் என்பதை நம்புவதைவிட, செத்த வெள்ளைக்காரர் எழுதிய பாட்டைக் கறையான் தின்றது என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

போதகர் நல்லவர். ஆகவே நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். “புத்தகத்துல கடைசிப் பக்கத்துல, ‘நகல் எடுத்து உதவியவர்: ஒரு சகோதரி’ன்னு போட்டுருவோம். எல்லாருக்கும் சமாதானமா இருக்கும்.”

“சகோதரிக்குப் பேரு கெடையாதாங்கய்யா?” என்று கேட்டார் ஞானதீபம்.

“பேரு போட்டா பெருமையாயிருமேம்மா.”

மகிமா அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தாள். 

புத்தகம் வந்தது. வழவழப்பான அட்டையில் பெல்டன் துரை தாடியோடு இருந்தார். மதுரையிலிருந்து ஓர் இசைப் பேராசிரியர் முன்னுரை எழுதியிருந்தார். அதில் ஒரு பாட்டைப் பற்றி அவர் உருகியிருப்பதை நீங்கள் அவசியம் அறிய வேண்டும். ‘நான் மெய்யான திராட்சச்செடி’ என்ற வேதவாக்கியத்தை வைத்து ஞானதீபம் எழுதிவந்த பாட்டு அது. அதில் ஆல்டோ குரல் வெட்டி வெட்டி நடக்கும். ஷெட்டில் பெண்கள் குலையிலிருந்து அழுகல் பழத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்கிற ஓசையிலிருந்து பிறந்த தாளம். பேராசிரியர் எழுதினார்: ‘இத்தாளத்தில், தாய்நாட்டுப் பசும்புல்வெளியில் ஓடும் குதிரைகளின் குளம்பொலியைத் துரை ஏக்கத்தோடு நினைவுகூர்கிறார்.’ ஓடைப்பட்டியின் கத்தரிக்கோலுக்கு இங்கிலாந்தில் நான்கு கால் முளைத்துவிட்டது.

அந்தப் பாட்டு பாதியில் நின்றிருந்தது. காரணம் எளிது: ஞானதீபம் இன்னும் எழுதி முடிக்கவில்லை. பேராசிரியருக்கோ காரணம் வேறு: ‘இவ்விடத்தில் மரணம் துரையின் பேனாவைப் பிடுங்கிக்கொண்டது.’

மூலத்தாள்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி தவமணிராஜின் இடுப்பில். பெட்டியின் மேல், ‘அன்பளிப்பு: தவமணிராஜ் குடும்பத்தார்’. தாம் எழுதிய தாளைத் தாமே தொட முடியாமல், மீதியை எழுத வழியில்லாமல் நின்றார் ஞானதீபம்.

விழாவுக்கு முந்தைய வாரம், திராட்சை ஷெட்டில் பாடகர் குழுப் பெண்கள் வேலைக்கு நடுவே கொதித்தார்கள்.

“யக்கா, அன்னைக்கு நாம பாடக் கூடாது. வாய மூடிக்கிட்டு நிப்போம். தொரையே எந்திரிச்சு வந்து பாடட்டும்” என்றாள் மகிமா.

“ஏன்டி, எழுதுனது நானு. துரைக்காக நான் எதுக்குடி வாய மூடணும்?” என்றார் ஞானதீபம். குலைக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அமர்ந்தார். “பாட்டு முடியலன்னு புத்தகத்துல போட்டிருக்காகல்ல? முடிச்சுக் காட்டுவோம். தாளத்தான பூட்டி வச்சிருக்காக.”

தாளில்லாமல், வரி வரியாகப் பாடிக் காட்டினார். பெண்கள் கத்தரிக்கோலை நிறுத்தாமலே திருப்பிப் பாடினார்கள். உச்சக்குரலான சோப்ரானோ பக்கம் ஒருத்தி தவறவிட்டால், “பழத்த நறுக்குடின்னா காம்ப நறுக்குற” என்று திட்டு விழுந்தது. கூலியாள்களை இறக்கிவிட வந்த ஜீப் டிரைவர்கள் இருவரைப் பிடித்து ஆண்குரல்களான டெனருக்கும் பாஸுக்கும் நிறுத்தினார்கள். இருவரும் சபைப் பாடகர்கள்தாம். ஒருவன் கேரளத்து ஏலப்பாறை வரை போய்வருபவன் என்பதால், பாதி மலையாளத்திலேயே பாடினான்.

விழா நாள். ஆலயம் நிறைந்தது. விருந்துக்கு அரிசி கொடுத்தவர் என்ற முறையில் சீனிச்சாமியும் வேட்டி சரசரக்க வந்தார். கண்ணாடிப் பெட்டியருகே கூட்டமாய் நின்றவர்களோடு அவரும் குனிந்து பார்த்தார். பெட்டிக்குள் புது விளக்கு போட்டிருந்தார்கள். அந்த வெளிச்சத்தில், இசைக்கோடுகளுக்கு ஊடே மறுபக்கத்து வேலும் மயிலும் மங்கலாகத் தெரிந்தன.

“அட, இது நம்ம மண்டிக் காலண்டருல்ல!” என்றார் உரத்த குரலில். “மயிலுக்கு மூக்கு கோணலா விழுந்த வருசம். அச்சாபீசுக்காரன்கூட சண்ட போட்டேனே!”

தவமணிராஜ் ஓடி வந்தார். “அண்ணே, மெதுவா. அது பெல்டன் துரை கைபட்டது.”

“எந்தத் தொரை? கமிசனுக்கு வர்ற யாவாரிக்கும் திராட்சக் கொடி போட்டவனுக்குந்தான் காலண்டர் குடுக்குறேன். எனக்கு வெள்ளக்காரப் பார்ட்டியே கெடையாதேப்பா!”

அவர் கழுத்தில் உடனே ஒரு பொன்னாடை விழுந்தது. உண்மை பேசுபவரின் வாயை அடைக்க இந்நாட்டில் துணிதான் மலிவு.

பாட்டு தொடங்கியது. ஞானதீபம் ஆர்கனை மிதித்தார். நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தது: ‘துரையின் பேனா நின்ற இடத்தில் பாட்டு நிற்கும். சபையார் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தவும்.’ பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. சபை முழுவதும் எழுந்து, கை கட்டி, தலை குனிந்து, உரிய துயரத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டது.

ஆர்கன் நிற்கவில்லை.

ஆல்டோக்கள் நறுக்கி நறுக்கி முன்னே போனார்கள். மேலே சோப்ரானோ கொடி போலப் பற்றி ஏறியது. அடியில் பாஸ், பந்தற்கால் போல அசையாமல் நின்றது. குனிந்த தலைகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் சிலர் அரைகுறையாய் வளைந்து நின்றார்கள். பேராசிரியர் புத்தகத்தின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கே வாழ்த்து விளம்பரம் இருந்தது. நான்கு குரல்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசியில் ஒரே சுரத்தில் வந்து இறங்கின. பாட்டு முடிந்தது. முடியாது என்று அச்சிடப்பட்ட பாட்டு, அத்தனை பேர் காது கேட்க முடிந்தது.

ஞானதீபம் எழுந்து நின்றார். ஒலிபெருக்கி அவருக்குத் தேவைப்படவில்லை.

“இது நான் எழுதுனது. பாதி அந்தப் பொட்டிக்குள்ள இருக்கு. மீதி எனக்குள்ள இருந்துச்சு, இப்பக் கேட்டீக. பொட்டியத் தொறங்க, தம்பி.”

தம்பி! தவமணிராஜின் முகத்தில் அந்த ஒரு சொல் அறைந்தது. பாட்டு போனதைக்கூட அவர் தாங்கியிருப்பார். ஆனால் அவர் செயலராயிற்றே. ஒலிபெருக்கியைப் பற்றினார்.

“அல்லேலூயா! துரை முடிக்காம விட்டத, ஆண்டவர் நம்ம சகோதரி வாயில வச்சு முடிச்சுக் குடுத்துட்டாரு! துரையோட பாட்டு நிறைவாயிருச்சு!”

சபை கைதட்டியது. ஆம், நண்பர்களே, கைதட்டியது. பந்தற்கால் நட்டவளைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, பழத்தைச் செத்தவருக்குப் படைத்தது. பேராசிரியர் கண்ணீரைத் துடைத்தபடி ஞானதீபத்தின் அருகே வந்து, “அம்மா, அந்த முடிவை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டாம் பதிப்பில் சேர்த்துவிடலாம்” என்றார்.

“யாரு பேருல?”

பேராசிரியர் செயலரைப் பார்த்தார். செயலர் போதகரைப் பார்த்தார். போதகர் மின்விசிறியைப் பார்த்தார்.

“எழுத மாட்டேன்” என்றார் ஞானதீபம். ஆர்கனின் மூடியைச் சாத்தினார். பாடகர் குழு அவர் பின்னால் நடந்து வெளியேறியது. சீனிச்சாமி பொன்னாடையைக் கழற்றிப் பெஞ்சில் போட்டுவிட்டு, விருந்துக்கு நிற்காமல் அவர்களோடு போனார்.

அன்றிலிருந்து அந்த ஆர்கனை எவரும் மிதிக்கவில்லை. இப்போது ஒரு மின்சாரக் கீபோர்டு வாசிக்கிறது. பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும். அதை எழுதியவரைப் பற்றிய கவலையே இல்லை. கீபோர்டின் நெற்றியில் கொடுத்தவர் பெயர் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் காத்திருக்கிறது, கடைசிப் பக்கம் வெள்ளையாக. கண்ணாடிப் பெட்டி பூட்டியே இருக்கிறது.

பார்த்துவிட்டீர்களா? பார்த்தவர் சாட்சி, சாட்சி சும்மா வீட்டுக்குப் போனால் அவரும் கூட்டாளி. நீங்கள் எந்தக் கடவுளைக் கும்பிடுகிறவராயினும், எதையும் கும்பிடாதவராயினும், வரும் ஞாயிறு காலை அந்த ஆலயத்துக்கு வாருங்கள். கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறார்கள், எழுதியவர் பெயரோடு. அந்தப் புத்தகத்தை வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் கொண்டுவந்து திருப்பிக் கொடுங்கள். அதிலிருந்து ஒரு பாட்டுப் பாடினால், முடிந்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: “இதை எழுதியது யார்?” பதில் வரவில்லையா? அடுத்த பாட்டு முடிந்ததும் மறுபடி கேளுங்கள். மகிமாவும் சீனிச்சாமியும் அங்கே நிற்பார்கள். இருவராக நிற்க விடாதீர்கள். கண்ணாடிப் பெட்டியின் முன்னே போய் நில்லுங்கள். இடுப்பிலிருந்து சாவி இறங்கி, பெட்டி திறந்து, தாள்கள் ஞானதீபத்தின் கைக்குப் போய், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் அவர் தம் பெயரைத் தாமே எழுதி முடிக்கும்வரை, அங்கிருந்து நகராதீர்கள்.